தண்ணி ஊத்தி ஓடினது போதும்



மல்லாவியில் படிப்பிக்கும் நாங்கள் நாலு பேர் ஒரு பழைய மொறிஸ் மைனரில் ஓடித் திரிவது இங்கே பலருக்குத் தெரியும். மாங்குளம் போய் வருவதற்குள் றேடியேற்றரில் ஒரு போத்தல் தண்ணி குறைந்துவிடும். அதனால் பின் சீற்றில் எப்போதும் ஒரு கான் கிணற்றுத் தண்ணி இருக்கும். ஒரு வருடம் இப்படியே ஓடினோம்.

ஹோஸ்களை மாற்றினோம். றேடியேற்றரைக் கழற்றி ஈயம் வைத்தோம். குறைவது நிற்கவில்லை. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. ஓரிடத்தில் "ஹெட் காஸ்கற் போயிற்று, என்ஜினை இறக்க வேணும்" என்று சொல்லி, எங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டக் கணக்கும் போட்டார்கள்.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் போனோம். அவர் சாவியைத் தொடுவதற்கு முன்னம் கேள்விதான் கேட்டார். நிற்கும்போது குறையுதா, ஓடினால்தான் குறையுதா? சைலன்சரில் வெள்ளைப் புகை வருதா? ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இல்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணினார். தண்ணிக்குள் விடாமல் குமிழி வரவில்லை. "ஹெட்டில பிழை இருக்கிற மாதிரித் தெரியேல்ல" என்றார். ஃபானைப் பிடித்து ஆட்டினார், வோட்டர் பம்பிலும் ஆட்டம் இல்லை. பிறகு எல்லா இடத்தையும் சீலையால் துடைத்து, மூடியைப் பூட்டி, நல்லாய்ச் சூடாகும் வரை ஓடவிட்டு, ரோச் லைற்றோடு குனிந்தார்.

டைனமோவுக்குப் பின்பக்கமாக, பிளொக்கின் பக்கவாட்டில் வெள்ளையாய் ஒரு உப்புக்கோடு. கோர் பிளக். வார்ப்பில் விட்ட துளையை மூடும் மெல்லிய இரும்புத் தட்டு அது. உள்ளிருந்து துருப்பிடித்து ஊசி முனையளவு ஓட்டை விழுந்திருந்தது. சூட்டில் அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். கசிந்தது சூடான இரும்பிலேயே ஆவியாகிவிடும். நிலத்தில் ஈரம் எப்படி இருக்கும்?

"சேர், தண்ணி எவ்வளவு போகுது எண்டு பாத்தியள். எங்க போகுது எண்டு பாக்கேல்ல" என்றார். எங்களுக்கு வெட்கமாய்ப் போயிற்று. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுபவர்கள் நாங்கள். 7 இறாத்தல் மூடி போட்ட றேடியேற்றரில் தண்ணி சுமார் 110 பாகையில்தான் கொதிக்கும் என்பதும், ஆறிய என்ஜினில் தேடினால் இந்தக் கசிவு பிடிபடாது என்பதும் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று. அந்தத் தட்டை அரித்ததே நாங்கள் ஊத்திய தண்ணிதான். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணியில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊத்தும்போதும் புது ஒட்சிசனும் உள்ளே போகிறது. பனி உறையாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று நினைத்தோம். துருவைத் தடுப்பதும் அதன் வேலை. இப்போது வடித்த தண்ணியோடு கலந்து விட்டிருக்கிறோம். ஒரு எச்சரிக்கை: சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். கழற்றிய கூலன்றை வளவில் ஊத்தவும் வேண்டாம். அது இனிப்பான நஞ்சு. நாயும் ஆடும் நக்கினால் சாகும்.

இதை எழுதுவது காருக்காக மட்டும் அல்ல. மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஆனாலும் வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடைக்காதபோது, இப்படியான பழைய கார்களைத்தான் காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் அவற்றில்தான் போனார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பிறந்த எங்களில் சிலருக்கு இது கேள்வி அறிவுதான். இருந்தாலும் அந்த ஓட்டத்தின் பின்னால் இருந்த கைகளை இங்கே இன்றைக்கும் காணலாம். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை அப்படியே இருந்தபோதும், நாட்டின் பழைய வண்டிகளை ஓடவைத்தவை இப்படியான கைகள்தான்.

அந்தக் கைகளுக்கு வயது போகிறது. பழக ஆள் இல்லை. ஏன் இல்லை? "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்று வகுப்பில் சொன்னவர்கள் நாங்கள். அதை ஒரு தண்டனையாகச் சொன்னோம். அந்த ஐயா செய்ததோ சுத்தமான விஞ்ஞானம்: அறிகுறியைப் பார், ஒவ்வொரு காரணமாய்ச் சோதித்து விலக்கு, மிஞ்சுவதைக் கண்ணால் காண். உயர்தரத்தில் 2013 இல் தொழினுட்பப் பிரிவு வந்தது நல்லதே. ஆனால் சாதாரண தரத்தோடு நின்றுவிடும் பிள்ளைக்கு அது எட்டாது.

எங்கள் கருத்து இதுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது இப்படியான பெரியவர் ஒருவரைப் பாடசாலைக்கு அழைப்போம். மேசையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவதற்கு அல்ல. பிள்ளைகள் முன்னால் ஒரு என்ஜினைத் திறந்து காட்டுவதற்கு. அவருடைய நேரத்துக்குக் காசும் கொடுப்போம். பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்தால் அது பெரிய தொகை இல்லை.

எங்கள் மொறிஸ் மைனர் தயார். முதல் வகுப்புக்கு அதைக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. "கராஜுக்குத்தான் போவாய்" என்ற பேச்சு இனி எங்கள் வாயில் வராது, இன்ஷா அல்லாஹ். உங்கள் வீடுகளிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.