ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ரெண்டு வாளி

மக்களே, கேம்பல் பேக்கு மாத்தலாகி வந்ததுலேருந்து காலைல காட்டுப்பாதைல ஓடறேன். "மழைக்காடுடா, வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கு, காசு பாக்காதே"ன்னு சென்னை நண்பர்கள் உபதேசம். வாங்கினேன். ஒன்பதாயிரம். (தங்கமணிகிட்ட நாலாயிரம்னு சொல்லியிருக்கேன்.)

வெளித் தண்ணி உள்ள வராதாம். சரி சாமி, ஓடைல முழங்கால் வரைக்கும் இறங்கறேன், மேல் வழியா உள்ள போன தண்ணி எப்படி வெளிய வரும்? வராது! ரெண்டு கால்லயும் வாளியைக் கட்டிட்டு ஓடின மாதிரி. கொப்புளம் இலவசம்.

காசு போட்டாத்தான் கால் பிழைக்கும்னு யார் கிளப்பி விட்டது? மலேசியாவுல, கினபாலு மலைல, வழிகாட்டிங்க போடறது ஒரே அச்சுல வார்த்த மலிவான ரப்பர் ஷூ. ஒட்டு கிடையாது, அதனால பிரிஞ்சு வர எதுவும் இல்லை. செல்லப்பேர் 'அடிடாஸ் கம்போங்'. (அந்தக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, கம்போங்னா கிராமம்.) ரப்பர் பால் வெட்டறவங்க காலணி அது. நம்ம ஷிவ்நாத் சிங்கும் வெறுங்கால்ல ஓடிப் பேர் வாங்கினவர்தான். 1978ல மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்துல முடிச்சார்.

அதுக்காக வழவழ அடியோட எதையாவது மாட்டிட்டுப் பாசியில ஏறாதீங்க, பல்லு போயிடும். அடியில நாலஞ்சு மில்லிமீட்டர் ரப்பர் பல், மேல மெல்லிசு வலைத்துணி, கட்டைவிரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம். அவ்ளோதான். இப்ப நான் ஓடறது எண்ணூறு ரூபாய் ஷூல. தண்ணி வரும், பத்து எட்டுல பிழிஞ்சு வெளிய போயிடும்.

பழசுல கறிவேப்பிலைக் கன்னு வைக்கலாமான்னு தங்கமணி கேக்கறாங்க. தண்ணி நின்னு வேர் அழுகிடுமே?