நித்தியகல்யாணிக் கஷாயமும் சொல்லப்படாத செய்தியும்

வீட்டு வாசலிலும் இடுகாட்டு ஓரத்திலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் அதை அழைப்பர். ஆடு மாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. மனிதர்களாகிய நாம்தாம் வைக்கிறோம். அதன் பூவையும் இலையையும் காய்ச்சிச் சர்க்கரை நோய்க்குப் பருகும் வழக்கம் நம் ஊர்களில் மட்டுமன்று, ஜமைக்காவிலும் இருந்தது.

அந்த ஜமைக்கா இலைகளே 1950களில் கனடாவைச் சென்றடைந்தன. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகிய இருவரும் அவற்றின் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை; இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன, எலிகள் தொற்றுக்கு ஆளாகி மடிந்தன. அந்தக் கேட்டை ஆராய்ந்ததில்தான் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது இன்றியமையாத மருந்து.

இதை அறிந்த குடும்பத்தினர், "மருந்தே இச்செடியிலிருந்துதானே வருகிறது, வீட்டில் காய்ச்சிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வின்கிறிஸ்டினை உடற்பரப்பைக் கணக்கிட்டு, பெரும்பாலும் ஒருவேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல், இரத்த நாளத்தில் மட்டுமே செலுத்துகிறோம். தவறித் தண்டுவட நீரில் கலந்தால் உயிரே போகும். இலையிலோ அது மிகமிக நுண்ணிய அளவில், நூற்றுக்கும் மேற்பட்ட பிற காரப்பொருள்களோடு கலந்து கிடக்கிறது. ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு என்பதை அடுப்படியில் அறிய வழியில்லை. எனவே அக்கஷாயம் புற்றுநோயை ஆற்றாது; ஏற்கெனவே வெள்ளணு குறைந்து, விரல்கள் மரத்திருக்கும் நோயாளிக்குத் துன்பத்தைக் கூட்டக்கூடும். சர்க்கரை மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். கருவுற்ற பெண்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

எனினும் நோயாளிகளை மட்டும் குறை கூற எனக்கு மனமில்லை. கஷாயம் குடிப்பதைப் பலர் மறைப்பது ஏச்சுக்கு அஞ்சியே. மருத்துவர்களாகிய நாம் ஒருமுறை ஏளனமாகச் சிரித்துவிட்டால் போதும், அந்த வாய் மறுபடி திறக்காது. அடுத்த முறை இரத்த அணுக்கள் ஏன் குறைந்தன என்று இருட்டில் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் காய்ச்சும் இலையையோ, கடையில் வாங்கிய பொடியையோ கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் கூறுங்கள். கேட்டுக் குறித்துக்கொள்வது எங்கள் கடமை.