கைக்குட்டையை மடித்து வைத்திருப்பவர்களுக்கு



மார்ச் பிறந்தால் இந்தப் பக்கத்தில் பொதுத்தேர்வு பற்றி எழுதுவது வழக்கம். தூக்கம், சாப்பாடு, திருப்புதல் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று. இந்த முறை தேர்வுக் கூடத்தில் விடைத்தாளின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை ஊன்றி எழுதும் பிள்ளையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நெற்றியில் ஒரு துளி இருக்காது. உள்ளங்கை மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். மை பரவும், தாள் நெளியும், இரண்டு பக்கம் முடிவதற்குள் கைக்குட்டை நனைந்துவிடும். கண்காணிப்பாளர் அருகில் வந்து “என்னப்பா, பயமா?” என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும்.

பள்ளியோடு இது முடிவதில்லை. கோயிலில் வாங்கிய விபூதி கையிலேயே குழம்பாகிவிடும். கோலமாவு விரலில் ஒட்டிக்கொண்டு இழை இழையாக இறங்க மறுக்கும். ரேஷன் கடையில் ‘ரேகை விழலை, துடைச்சிட்டு வைங்க’ என்பார் ஊழியர். பின்னால் வரிசை முணுமுணுக்கும். லேத் பட்டறையில் சிலர் தொட்ட இரும்பு மறுநாள் அவர்களுடைய விரல் தடத்தோடு துருப்பிடித்து நிற்கும். இது கட்டுக்கதை இல்லை. வியர்வையில் இருக்கும் உப்பின் வேலை. பட்டுத்துணி தைப்பவருக்குக் கறை பயம், வீணை வாசிப்பவருக்குத் தந்தியில் விரல் வழுக்கும் பயம். கல்யாண மேடையில் கை பிடிக்கும் நேரத்தை நினைத்தே மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட பெண்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளைகளும்தான். கை குலுக்கும் வழக்கம் நேர்முகத் தேர்வுகளோடு வந்து சேர்ந்துகொண்டது. வணக்கம் சொல்வதில் என்ன வசதி பாருங்கள், ஈரம் அவரவர் கையோடு நின்றுவிடுகிறது!

வெளியில் சொல்லத் தயங்குவதால், ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் எடுத்து 2004-ல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, உடலில் எங்கேயாவது மிகையாக வியர்ப்பவர்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பேர். அவர்களிலும் பெரும்பாலோர் அதுவரை மருத்துவரிடம் அதைப் பற்றி வாய் திறக்காதவர்கள்.

நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். முதுகும் மார்பும் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கை முக்கியமாக மனத்துக்கு வியர்க்கும். உணர்ச்சி சற்று அசைந்தாலே அங்கே ஈரம் ஏறும். அந்த ஈரத்தில் தோலின் மின்கடத்தும் தன்மை மாறும். மனநல மருத்துவர் கார்ல் யுங் 1907-லேயே இதை அளந்து பார்த்தார். பொய் கண்டறியும் கருவி அளப்பவற்றில் இதுவும் ஒன்று. லேசான ஈரம் பிடிமானத்துக்கு உதவும் என்பதால், இந்த ஏற்பாடு நம் முன்னோர் மரமேறித் திரிந்த காலத்தின் மிச்சம் என்கிறார்கள் அறிஞர்கள்.

ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த மிகை வியர்வை உள்ளவர்களுக்குச் சுரப்பிகளில் கோளாறு கிடையாது. எண்ணிக்கையும் அளவும் எல்லாருக்கும் போலத்தான். அவற்றுக்கு உத்தரவு போடும் பரிவு நரம்புகள்தான், மேல்தொட்டி நிரம்பிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மாதிரி, நிற்கத் தெரியாமல் இயங்குகின்றன. சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ தொடங்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கும். அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கலாம். தூங்கும்போது கை காய்ந்துவிடும். இது முக்கியமான அடையாளம்.

ஆகவே ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டம் இங்கே செல்லாது. பயத்தால் கை வியர்ப்பது எல்லாருக்கும் உண்டு. இவர்களுக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வியர்க்கும். வியர்த்துவிடுமோ என்ற கவலை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கை மட்டும் வியர்ப்பது இதயக் கோளாறின் அடையாளம் என்று பயமுறுத்துபவர்களையும் பொருட்படுத்த வேண்டாம். நெஞ்சுவலியோடு உடம்பெல்லாம் குப்பென்று வியர்ப்பது வேறு விஷயம். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நடுவயதில் புதிதாகத் தொடங்குவது, இரவில் படுக்கை நனைவது, எடை குறைவது, ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பது, புது மாத்திரைக்குப் பிறகு ஆரம்பிப்பது, இவையும் தனிக் கதை. தைராய்டு, சர்க்கரை, காசநோய் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? முகப்பவுடர் பத்து நிமிடம் தாங்கும், பிறகு களிம்பாகும். தேயிலைத் தண்ணீரில் கையை ஊறவைப்பதும், சலூனில் முகத்தில் தேய்க்கிறார்களே அந்தப் படிகாரக் கரைசலும் லேசான தொந்தரவுக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம். படிகாரத்தை நம் பாட்டிகள் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. அதில் இருப்பது அலுமினிய உப்பு. தோல் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் இன்னொரு அலுமினிய உப்புதான்: அலுமினியம் குளோரைடு கரைசல், உள்ளங்கைக்கு 20 சதவீதம் அளவில்.

இந்த மருந்து பலிக்கவில்லை என்று விட்டுவிட்டவர்களில் பலர் அதைப் பகலில், ஈரக் கையில் தடவியவர்கள். ஈரத்தில் பட்டால் அது அமிலமாகி எரியும், அவ்வளவுதான். இரவு படுக்கும் முன் கையை நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு தடவ வேண்டும். தூக்கத்தில் கை வியர்க்காத நேரம் பார்த்து அந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் கழுவிவிடலாம். பலன் தெரியும்வரை தினமும் இரவில், பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு முறை. உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அக்குள் அளவுக்குச் சுலபமாகக் கேட்காது, பொறுமை வேண்டும்.

அடுத்தது அயன்டோபோரெசிஸ். பெயர்தான் மிரட்டும். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், அதில் கையை வைத்து 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவில் மெல்லிய மின்சாரம், இருபது முப்பது நிமிடம். ஆரம்பத்தில் வாரம் மூன்று முறை. சில வாரங்களில் பலருக்குக் கை நன்றாகக் காய்கிறது. அதன்பின் வாரம் ஒரு முறை போதும், ஆனால் விட்டால் திரும்பி வரும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே போகக் கூடாது. யூடியூபைப் பார்த்துப் பழைய சார்ஜர் வயரை வெட்டி வீட்டிலேயே செய்ய நினைக்கும் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். தண்ணீரும் வீட்டு மின்சாரமும் விளையாடும் இடமில்லை.

வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். உடம்பு முழுவதும் வியர்வையைக் குறைப்பதால் நம் ஊர் சித்திரை வெயிலில் வெளியே அலைபவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போட்டாக்ஸ் ஊசி, நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற தகவலைத் தடுத்து, நான்கு முதல் ஆறு மாதம் வரை கையைக் காய வைக்கும். உள்ளங்கை முழுவதும் பல இடங்களில் குத்த வேண்டும், வலிக்கும், செலவும் அதிகம். சிலருக்குச் சில வாரம் பிடிப்பு பலவீனமாகும்.

கடைசியாக அறுவை சிகிச்சை. நெஞ்சுக்குள் கருவி நுழைத்து, பரிவு நரம்புச் சங்கிலியைத் துண்டிப்பது அல்லது கிளிப் போட்டு நெரிப்பது. கை அநேகமாக அன்றே காய்ந்துவிடும்; வாழ்க்கையே மாறிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் கையில் நின்ற வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடத்தில் கிளம்புவது இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மிகவும் சாதாரணம். சிலருக்கு அது சட்டையைப் பிழியும் அளவுக்குப் போகும். துண்டித்த நரம்பைத் திரும்பப் பழையபடி ஆக்கவும் முடியாது. ஈரப்பதம் மிகுந்த சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாள் முழுவதும் நனைந்த முதுகோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். முந்தைய படிகளை முறையாக ஏறிப் பார்க்காமல் நேராக இங்கே போவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்யாணத் தேதி நெருங்குகிறதே என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவாக இது நிச்சயம் இருக்கக் கூடாது.

இப்போதைக்கு, தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மை பேனாவுக்கும் ஜெல் பேனாவுக்கும் பதில் பால்பாயின்ட் பேனா, தண்டில் ரப்பர் பிடி உள்ளதாக. துவாலைத் துணியில் தைத்த கைக்குட்டை மூன்று நான்கு. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, முதன்மைக் கண்காணிப்பாளர் காதில் போட்டு வைத்தால், கைக்குட்டையைப் பார்த்துச் சந்தேகப்படும் சங்கடம் இருக்காது. புது மருந்து எதையும் தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள். கை எரிந்தால் எழுதுவது எப்படி?

மே இதழில் இதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். தோல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். எழுதி அனுப்புங்கள். எழுத்து கலைந்திருந்தாலும் படித்துக்கொள்வோம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்