நண்டு நடை

ஒரத்தநாடு பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையம். முதல் நாள் நல்ல மழை. லாரி ரோட்டிலேயே நின்றுவிட்டது. 40 கிலோ மூட்டையைத் தலையில் சுமந்து சேற்றில் நடந்தவரிடம், "ஃபோர்க்லிஃப்ட் வந்தா தேவலை, இல்லியா அண்ணே?" என்றேன்.

"வந்தா அதையும் நாங்கதான் சார் தூக்கணும்!"

கிடங்கு வண்டிக்கு அது சரி. சின்னச் சக்கரம், சிமென்ட் தரையை விட்டு இறங்கினால் புதைந்துவிடும். ஆனால் மேடு பள்ளத்துக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது. டிராக்டர் மாதிரி பெரிய டயர், தரையில் இடிக்காத உயரம், பலவற்றில் 4 சக்கரத்துக்கும் இழுவை. சிலவற்றில் 4 சக்கரமும் திரும்பும். முன்னதும் பின்னதும் எதிரெதிராகத் திரும்பினால் குறுகலான இடத்திலும் வளையும். எல்லாம் ஒரே பக்கம் திரும்பினால் வண்டி சாய்வாக நகரும். இதற்குப் பெயரே நண்டு நடை! நம்ம வரப்பு நண்டு காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டது.

2.5 டன் தூக்கும் வண்டி ஒரே நடையில் பல மூட்டைகளைக் கொண்டுபோகும். ஆனால் சுமையைத் தாழ்த்திப் பிடித்தே போகவேண்டும். உயர்த்திக்கொண்டு சரிவில் திரும்பினால் கவிழும். இன்னொன்று, இரும்புக் கொம்பு நுழைய அடியில் சந்து வேண்டும். வெறுந்தரை மூட்டையில் விட்டால் சாக்குதான் கிழியும். ஆகவே முதலில் மரத்தட்டு, பிறகுதான் வண்டி. தட்டில் மூட்டை அடுக்கவும் ஆள் வேண்டும்.

எல்லாம் கேட்டவர், "எங்களுக்கு மூட்டைக் கணக்குலதான் சார் கூலி" என்றார். கொஞ்சம் யோசித்து, "அத ஓட்ட என் பையனுக்குச் சொல்லித் தருவாங்களா?"

வண்டியைவிட முக்கியமான கேள்வி.