ஓடுபாதைக்கு அடியில் உறங்கும் வரலாறு

போரைப் பற்றி நம்மிடையே நிகழும் பேச்சில் ஒரு பெருங்குறை உண்டு. இறக்கைகள் பேசப்படுகின்றன, நிலம் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போரின் விமானங்களில் ஆர்வங்கொண்டோர், ஒவ்வொன்றின் எண்ணையும், பொறியின் வலிமையையும், அதனைச் செலுத்திய வீரரின் பெயரையும் பிழையின்றிச் சொல்வார்கள். அவ்விமானம் இறங்கிய பாதை எவருடைய புன்செயைப் பிளந்து சென்றது என்று கேட்டுப் பாருங்கள், விடை வராது. இந்த மௌனத்தை இனியும் நாம் பொறுத்துக்கொள்ளலாகாது.

எங்கோ தொலைவில் நடந்த செய்தி என்று எவரும் எண்ண வேண்டா. மறைமலை நகரிலிருந்து சென்னையை நோக்கிப் புறப்படுவோர், தாம்பரத்தை நெருங்கும்போது வானில் வட்டமிடும் பயிற்சி விமானங்களைக் காணலாம். 1954 முதல் இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி அங்கே இயங்கி வருகிறது. ஆனால் அந்தத் தளத்தின் கதை அதற்கும் முற்பட்டது. அது போர்க்காலத்தில் தொடங்குகிறது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. இடையே 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னை நகரம் நடுங்கிற்று. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர். அந்தப் போர்க்காலத்தில்தான் தென்னாடெங்கும் ஓடுபாதைகள் பெருகின. தாம்பரம், சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, காயத்தாறு, சூலூர் என்று அந்தப் பட்டியல் நீளும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலுக்குரிய பெயரிடுவது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். தாம்பரத்தில் அவர்கள் நடத்திய தளத்துக்கு ‘வல்லூறு’ என்று பெயர் சூட்டினர். சூலூருக்கு ‘வைரி’ என்றும், கோயம்புத்தூருக்குக் ‘கருடா’ என்றும், இலங்கையின் புத்தளத்துக்கு ‘ராஜாளியா’ என்றும் பெயரிட்டனர். நம் வானத்துப் பறவைகளின் பெயர்கள் அவர்களுக்கு இனித்தன; நம் மண்ணில் வாழ்ந்த மனிதரின் பெயர்கள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களைக் குறைகூறி என்ன பயன்? விடுதலை பெற்ற பின்னரேனும் நாம் தேடினோமா?

நிலம் எவ்வாறு கைமாறியது? 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், போர்த் தேவைக்காக எவருடைய நிலத்தையும் கட்டடத்தையும் வசப்படுத்திக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கின. விலை கொடுத்து நிலையாக எடுத்துக்கொள்வது வேறு. தேவை தீரும்வரை வசப்படுத்தி வைத்திருப்பது வேறு. பின்னதில் உரிமை உழவனிடமே இருக்கும். நிலம் மட்டும் அவன் கையில் இராது. போர் 1945இல் முடிந்தது. வசப்படுத்திய நிலங்களைத் தொடர்ந்து வைத்திருக்க 1947இல் ஒரு சட்டம் வந்தது. 1952இல் மற்றொரு சட்டம் வந்தது. போர் முடிந்தது, போர் தந்த அதிகாரம் முடியவில்லை. இந்த வேறுபாட்டை அறியாத எளிய உழவன் தாசில்தார் அலுவலகத்தின் படிக்கட்டில் எத்தனை நாள் காத்திருந்தான் என்பதை எந்த விமான நூல் சொல்லும்?

எந்த விமானமும் வானத்தில் பிறப்பதில்லை. மேடு வெட்டப்பட வேண்டும். பள்ளம் தூர்க்கப்பட வேண்டும். கல் உடைக்கப்பட வேண்டும். கூடை கூடையாய்ச் சரளை சுமக்கப்பட வேண்டும். சமையல், சலவை, தையல், காவல், இறைச்சியும் காய்கறியும் வழங்கும் ஒப்பந்தம் என்று ஓர் ஊரே ஒரு தளத்தைச் சுமந்து நிற்கும். புத்தளத்தில் கடற்படை விமானங்களை யானைகள் கட்டி இழுத்த புகைப்படங்கள் இன்றும் பார்ப்போரைக் கவர்கின்றன. யானையை வியக்கும் நாம், அதை நடத்திய பாகன் எவ்வூரார், எவர் மகன் என்று ஒருகணமேனும் கேட்டதுண்டா? தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையாய் வாழும் புத்தளத்து வரலாறு நமக்கு அந்நியமா?

“அது வெள்ளையர் நடத்திய போர், அதைக் கிளறுவதால் நமக்கென்ன?” என்று சிலர் கேட்கின்றனர். போர் அவர்களுடையதுதான். ஆனால் இழந்த வயல் யாருடையது? ரங்கூனில் கடை வைத்திருந்த நம் முன்னோர், அந்தக் கடையைப் பூட்டிய சாவியோடு அரக்கான் மலைவழியே நடந்தார்களே, அந்தக் கால்கள் யாருடையவை? பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம். விமானத்தில் ஏற இடம் கிடைத்தவர் சிலர். நடந்தவரே மிகப் பலர். விமானத்தின் வரலாற்றில், அதில் இடம் கிடைக்காதவரின் வரலாறும் அடங்கும்.

“வீரர்களின் துணிவைப் போற்றக் கூடாதா?” என்பது மற்றொரு வினா. தாராளமாகப் போற்றலாம். 1942 ஏப்ரல் 4இல் தென்னிலங்கையின் கொக்கலத் தளத்திலிருந்து கேட்டலினா விமானத்தில் சென்ற கனடிய வீரர் லெனார்டு பர்சால், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அவர் துணிவை மறுப்பார் எவருமிலர். ஆனால் அதே கொக்கலவில் தளம் அமைக்க ஒரு கிராமமே அகற்றப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே பிறந்த சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க, 1940இலேயே தம் ஊரைப் பற்றி ‘அபே கம’ என்ற நூலை எழுதியிருந்தார். அதனால் இடிந்த கொக்கல இன்றும் ஏட்டில் வாழ்கிறது. இடிபடாது தப்பிய அவர் இல்லம் இன்று அருங்காட்சியகமாய் விளங்குகிறது. சீனன்குடாவில் நமக்கு அத்தகைய நூல் எங்கே? 1944 ஆகஸ்டில் சுமத்திராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் பெரும் அமெரிக்க விமானங்கள் புறப்பட்டது அங்கிருந்துதான். விமானங்களின் கணக்கு கிடைக்கிறது. சுற்றியிருந்த தமிழரும் முஸ்லிம்களும் அன்றிரவு என்ன கேட்டார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

நம் பகுதிக்கே திரும்புவோம். சோழவரத்து ஓடுபாதை போருக்குப்பின் கார்ப் பந்தயக் களமாயிற்று. பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் கார்த் தொழிற்சாலைகளும் வந்தன. மறைமலை நகருக்கு வந்த ஃபோர்டு ஆலையோ 2022இல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஓடுபாதை, பந்தயப் பாதை, ஆலை என்று மண்ணின் வேடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வேடத்தின்போதும் “இங்கு முன்பு ஒன்றுமில்லை” என்ற பொய்யும் கூடவே வருகிறது.

2022இல் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரம் மக்கள் போராடத் தொடங்கினர். அது பயணியர் நிலையம்; போர்த்தளமன்று. அதன் தேவையைப் பற்றி இங்கே தீர்ப்புரைக்க நான் முற்படவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: போர்க்காலக் களங்களுக்கு நிலம் தந்த ஊர்களின் வரலாறு எழுதப்பட்டிருந்தால், ‘நிலம் போனவர்க்கு என்ன நேர்ந்தது’ என்ற வினாவுக்கு எண்பது ஆண்டு அனுபவம் இன்று சான்று சொல்லியிருக்குமன்றோ? சான்றில்லாத ஏழையின் சொல் எந்த அவையில் ஏறும்?

எனவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். 1942இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள். பரணிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிலம் வசப்படுத்திய அறிவிப்பு, இழப்பீட்டு ரசீது, ஒப்பந்தக் கணக்கு, ரங்கூனிலிருந்து வந்த கடிதம் என்று ஏதேனும் கிடைக்கலாம். அரபுத்தமிழில் எழுதிய ஏடுகளை, படிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நாளை இருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.

தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயரை ஒரு நகருக்குச் சூட்டி நினைவைக் காக்கத் தெரிந்த மண் இது. வல்லூற்றின் பெயரைப் பிறர் எழுதி வைத்துவிட்டனர். வயலுக்குரியவனின் பெயரையும், கல் சுமந்தவளின் பெயரையும் நாம்தான் எழுத வேண்டும். எழுதத் தவறினால், அந்த ஊர்களை இருமுறை அழித்த பழி நம்மைச் சேரும்.