ஊர் திரும்புவது யாருடைய முடிவு?

பெங்களூருவில் பதினோரு ஆண்டுகள் கட்டட வேலை செய்த இளைஞர் ஒருவர் அண்மையில் எங்களிடம் சட்ட ஆலோசனை கேட்டு வந்தார். சேமித்த பணத்தைக் கொண்டு தந்தையின் பட்டா நிலத்தில் வீடு கட்டி, மனைவி பிள்ளைகளுடன் சொந்த ஊரிலேயே தங்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். நகரத்து வாடகை கூலியில் பாதியை விழுங்குகிறது, தாய்க்கும் வயதாகிவிட்டது. வேறு எவரும் இந்த முடிவை எடுக்கும்போது வருமானத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கிடுவார்கள். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "மாடி வெச்சுக் கட்டுனா சும்மா விடுவாங்களா சார்?"

இதைத் தனிமனித அச்சம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அன்று அழிந்தவற்றில் பல, பெங்களூரு முதலிய வெளியூர்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் உருவானவை. வெளியூர்க் கூலி உள்ளூரில் தளம் போட்ட வீடாகவும் இரு சக்கர வாகனமாகவும் மாறும்போது, பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காத ஆத்திரமும் சேர்ந்துகொள்கிறது.

'ஊர் திரும்புதல்' என்ற சொல்லே நமக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஊர் வேறு, சேரி வேறு எனப் பிரித்து வைத்த மண்ணில் நாம் திரும்புவது சேரிக்குத்தான். அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கிராமத்தைப் போற்றும் போக்கைக் கடுமையாகச் சாடி, தனிமனிதரையே அடிப்படை அலகாகக் கொண்ட வரைவை வரவேற்றார். அப்படியானால் திரும்புவதே பிழையா?

இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1985 ஜூலை 17 அன்று ஆந்திராவின் காரம்சேடுவில் ஆறு தலித்துகள் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் அருகிலுள்ள சீராலாவில் தஞ்சமடைந்தனர். ஊருக்குத் திரும்ப மறுத்து அங்கேயே வாழ்வை அமைத்துக்கொண்டனர். அது ஓர் அரசியல் முடிவு. 2010 ஏப்ரல் 21 அன்று ஹரியானாவின் மிர்ச்பூரில் வால்மீகி மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு முதியவரும் மாற்றுத்திறனாளியான அவருடைய மகளும் உயிரோடு எரிக்கப்பட்டனர். 254 குடும்பங்கள் வெளியேறின. 2018 ஆகஸ்டில் 33 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்த டெல்லி உயர் நீதிமன்றம், இடம்பெயர்ந்தோருக்கு மிர்ச்பூரில் இல்லாமல் தனிக் குடியிருப்பில் மறுவாழ்வு அளிப்பது சமத்துவம், சகோதரத்துவம் என்னும் அரசமைப்பு வாக்குறுதிகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை எழுப்பியது. அரசே புதிய சேரி கட்டித் தருவது எப்படி நீதியாகும்?

நகரமும் முழுப் புகலிடமாக இல்லை. வாடகை வீட்டு வாசலில் சாதி விசாரிக்கப்படுகிறது. வேறு மாநிலத்திற்குப் புலம்பெயரும் பட்டியல் சாதியினர் அங்கு இடஒதுக்கீடு கோர முடியாது என்பது 1990ஆம் ஆண்டின் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. ஆக, அங்கு உரிமை குறைவு. இங்கு பாதுகாப்பு குறைவு.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(z) பிரிவின்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வெளியேறச் செய்வது குற்றம். பாதிக்கப்பட்டவர் அங்கேயே வாழும் உரிமையை மீட்டுத் தருவதும், இடிக்கப்பட்ட வீட்டை அரசு செலவில் கட்டித் தருவதும் விதிகளில் உள்ள நிவாரணங்கள். வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதிகளை அடையாளம் காணுமாறு 21ஆம் பிரிவு சொல்கிறது; அத்தகைய பகுதியிலிருந்து, குற்றம் செய்யக்கூடும் என்று கருதப்படுபவரை வெளியேற்றும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்திற்கு 10ஆம் பிரிவு தருகிறது. சட்டப்படி ஊரைவிட்டுப் போக வேண்டியவர் அச்சுறுத்துபவரே. நடைமுறையில் 'சமாதானக் கூட்டம்' கூட்டி நம்மைத்தான் ஒதுங்கிப் போகச் சொல்கிறார்கள்.

அந்த இளைஞரிடம் நாங்கள் துணிச்சல் உபதேசம் செய்யவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடத்தில் பாதை ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொன்னோம். கட்டட அனுமதி பெற்ற பின்னரே அடித்தளம் தோண்டவும், மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார் தந்து ஒப்புகைச் சீட்டு வாங்கவும் சொன்னோம். போவதா, இருப்பதா என்பதை அவரும் அவர் மனைவியுமே முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவு அச்சத்தினால் எடுக்கப்படாமல் இருக்கச் செய்வது நம் கடமை. தோழர்களே, மாணவர்களே, உங்கள் மாவட்டத்தில் எந்தெந்தக் கிராமங்கள் வன்கொடுமைக்கு வாய்ப்புள்ளவையாக அடையாளம் காணப்பட்டுள்ளன, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். மாடி கட்டலாமா என்று வழக்கறிஞரிடம் வந்து கேட்கும் நிலை இருக்கும்வரை, நாம் விரும்பும் இடத்தில் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 19ஆம் உறுப்பு சேரியின் எல்லையைத் தாண்டவில்லை என்றே பொருள்.