நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கும் வட்டி வேண்டும்: வத்தலக்குண்டு வட்டார வணிகர்களின் நிலைப்பாடு

பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூன் 15 முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 விழுக்காடாகக் குறைத்ததும், வேறு சில பெரிய வங்கிகள் அதே அளவுக்கு இறங்கியதும் எங்கள் வணிகர் சங்கத்தின் பொதுக்குழுவில் கடும் வாக்குவாதத்தைக் கிளப்பின. குறைத்த பிறகும் சேமிப்புக்கு இரண்டரை விழுக்காடு உண்டு, கடைக்காரரின் நடப்புக் கணக்குக்கு என்ன உண்டு என்று எழுந்த கேள்வியைச் செயற்குழு விவாதித்து, உறுப்பினர் பெரும்பான்மையோர் உடன்பட்ட அளவில் இந்நிலைப்பாட்டை வெளியிடுகிறது.

நடப்புக் கணக்கு என்பது எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் போட்டு எடுக்கத் தொழில் செய்பவர்களுக்கு வங்கிகள் வைத்துள்ள கணக்கு. அதில் உள்ள இருப்புக்கு வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி தரும் சேமிப்புக் கணக்கைத் தொழில் நிறுவனத்தின் பெயரில், அது ஒருவரே நடத்தும் பெட்டிக்கடையாக இருந்தாலும், திறக்கக்கூடாது என்பதும் அதே ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு விதி வட்டியை மறுக்கிறது. மற்றொரு விதி வட்டி கிடைக்கும் இடத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது சிறுவணிகர் எந்தப் பக்கமும் நகர முடியாதபடி நிற்பது விளங்கும்.

இந்த ஊரின் வியாபாரம் நடக்கும் விதத்தில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து மலைவாழையும் காபியும் மிளகும் இறங்கி வருகின்றன. சரக்கு வாங்கிய வெளியூர் வியாபாரியின் பணம் மண்டிக்காரரின் கணக்கில் விழுந்த பிறகு, எடை, கமிஷன், ஏற்றுகூலி கழித்துப் பட்டியல் போட்டு விவசாயிக்குக் கொடுக்கும்வரை அது நான்கைந்து நாள் அங்கேயே கிடக்கிறது. ஒரு பட்டியல் தீர்வதற்குள் அடுத்த லோடின் பணம் வந்துவிடுகிறது. கொடைக்கானல் சாலையோர டீக்கடையிலும் பழக்கடையிலும் சீசன் நாட்களில் யுபிஐ ஸ்பீக்கர் பெட்டி பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஓயாமல் அறிவிக்கும் தொகைகளும் இரவுக்குள் நடப்புக் கணக்கில்தான் சேர்கின்றன. இவ்வாறு ஆண்டு முழுவதும் சராசரியாக மூன்று லட்சம் ரூபாய் இருப்பு வைத்திருக்கும் ஒருவர், இன்றைய 2.5 விழுக்காட்டின்படி பார்த்தால் ஆண்டுக்கு 7,500 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கு மேல், இழக்கிறார். அந்தப் பணத்தை வங்கி சும்மா வைத்திருப்பதில்லை. மொத்த வைப்பில் நடப்பு, சேமிப்புக் கணக்குகளின் பங்கைக் ‘காசா’ விகிதம் என்று பெயரிட்டு, மலிவாகக் கிடைத்த பணமாகத் தங்கள் முதலீட்டாளர்களிடம் வங்கிகள் பெருமையுடன் காட்டுகின்றன. அந்த மலிவு யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதை இச்சங்கம் கேட்கிறது.

இவை எல்லாவற்றையும்விடச் செயற்குழுவின் மனத்தைச் சுட்டது ரிசர்வ் வங்கியின் இன்னொரு விதி. தனிநபர் அல்லது தனி உரிமையாளர் பெயரில் நடப்புக் கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், இறந்த நாள் முதல் வாரிசுகளுக்குப் பணம் கொடுக்கும் நாள்வரை, அந்த இருப்புக்குச் சேமிப்புக் கணக்கு விகிதத்தில் வங்கி வட்டி தரவேண்டும். வாரிசுகளுக்கு இது நியாயமான பாதுகாப்பு. அதைக் குறைக்க இச்சங்கம் ஒருபோதும் சொல்லாது. ஆனால் நடப்புக் கணக்கு இருப்புக்கு நாள் கணக்கிட்டு வட்டி போட வங்கியின் கணினிக்குத் தெரியும் என்பதையும், அப்படிப் போட்டால் வங்கித் தொழில் கவிழ்ந்துவிடாது என்பதையும் இவ்விதியே ஒப்புக்கொள்கிறது. முப்பது ஆண்டு கடை திறந்து மூடிய மனிதருக்கு உயிரோடு இருந்தவரை ஒரு காசு வட்டி கிடையாது, அவர் செத்த நாளிலிருந்து அவர் பணத்துக்கு வட்டி உண்டு என்பதை எந்த முகத்தோடு அவர் குடும்பத்துக்கு விளக்குவது? செயற்குழுவில் சொற்களை அளந்து பேசுபவர்கள்கூட இந்த இடத்தில் அளக்கவில்லை.

இத்தகைய தடை மாற்ற முடியாததும் அல்ல. அமெரிக்காவில் 1933 இல் வந்த வங்கிச் சட்டம் நடப்புக் கணக்குக்கு இணையான கணக்குகளுக்கு வட்டி தருவதைத் தடுத்தது. வங்கிகள் வட்டிப் போட்டியில் இறங்கி நொடித்துப் போகும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். அந்தத் தடை 2011 ஜூலை 21 அன்று நீங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று இந்திய ரிசர்வ் வங்கி சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விடுவித்தது. நடப்புக் கணக்கு மட்டும் அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது.

காசோலைப் புத்தகம், வரம்பற்ற வரவு செலவு ஆகியவற்றுக்கு வங்கிக்குச் செலவு உண்டு என்றும், வட்டி கொடுத்தால் கட்டணம் கூடும் என்றும் உறுப்பினர் சிலர் வாதிட்டனர். அக்கருத்தில் ஓரளவு பொருள் உண்டு என்பதைச் செயற்குழு பதிவு செய்கிறது. எனினும் கட்டணம் இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஊரில் உள்ள கிளை ஒன்று, இருப்பு குறைந்ததற்காக உறுப்பினர் சிலரின் கணக்கில் அபராதமும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடித்திருக்கிறது. பொதுத்துறை வங்கிகள் பலவும் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை அண்மை ஆண்டுகளில் கைவிட்டபோது, அச்சலுகை சேமிப்புக் கணக்குகளுக்கே கிடைத்தது.

விதி மாறும்வரை உறுப்பினர்கள் ‘ஆட்டோ ஸ்வீப்’ வசதியைக் கேட்டுப் பெறலாம். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாக வைப்புநிதிக்கு மாறி, தேவைப்படும்போது திரும்பி வருவதே அவ்வசதி. ஆனால் வைப்புநிதியின் குறைந்தபட்சக் காலம் ஏழு நாள். அதற்குள் எடுத்தால் வட்டி இல்லை. நான்கைந்து நாளில் பட்டியல் தீர்க்கும் மண்டிக்காரருக்கு இதனால் பெரிய பயன் இராது. சேமிப்புக் கணக்கிலோ 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. ஓவர்டிராஃப்ட் கடன் உள்ளவர்கள் உபரிப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டுக் கடன் வட்டியைக் குறைப்பது, எந்தச் சேமிப்பு வட்டியையும்விட லாபம். கூடுதல் வட்டி அறிவிக்கும் சிறு நிதி வங்கிகளை நாடுவோர், வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரையே என்பதை மனத்தில் கொள்வது நல்லது. வியாபாரப் பணத்தைச் சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கும் பழக்கத்தைப் பொறுத்தவரை, அது விதிக்கு முரணானது என்பதைச் சுட்டுவதோடு செயற்குழு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

நடப்புக் கணக்கு இருப்புக்கு, குறைந்த அளவு ஒரு லட்சம் ரூபாய் வரையிலாவது, அன்றாட அடிப்படையில் வட்டி தர வங்கிகளை ரிசர்வ் வங்கி அனுமதிக்க வேண்டும் என்பதும், ஸ்வீப் வசதியைக் கணக்கு திறக்கும் நாளிலேயே தமிழில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதும் இச்சங்கத்தின் கோரிக்கைகள். பதிவு பெற்ற சங்கங்கள் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படியிருந்தும் சங்கத்தின் சொந்த இருப்பு பல ஆண்டுகளாக நடப்புக் கணக்கிலேயே கிடந்ததற்குச் செயற்குழு பொறுப்பேற்று, அதை இம்மாதக் கணக்கு முடியும் முன் சேமிப்புக் கணக்குக்கு மாற்றப் பொருளாளருக்கு உத்தரவிட்டுள்ளது.